வீடு வீடாகப் போய் யார் சொல்வது?

"முலாம்பழத் தோட்டத்தில் செருப்பை மாட்டாதே; பிளம்ஸ் மரத்தடியில் தொப்பியைச் சரிசெய்யாதே." சீனர்கள் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவரும் பழமொழி இது. பொருள் புரிய உரையாசிரியர் வேண்டியதில்லை. முலாம்பழக் கொடி தரையில் படர்ந்து கிடக்கிறது. காலணி கழன்றதென்று அங்கே குனிந்தால், வரப்பில் நிற்கும் தோட்டக்காரருக்கு நீங்கள் பழத்தில் கை வைப்பதாகத்தான் தெரியும். பிளம்ஸ் கிளை தலைக்கு மேலே தொங்குகிறது. தொப்பி சாய்ந்ததென்று கையைத் தூக்கினாலும் அதே கதைதான்.

இதுவரை சரி. ஆனால் பழமொழி முன்கூட்டி எச்சரிப்பதோடு நின்றுவிடுகிறது. நினைவில்லாமல் குனிந்துவிட்டீர்கள், தோட்டக்காரரும் பார்த்துவிட்டார், அப்புறம்? அந்த 'அப்புறம்' என்னவென்று காட்டும் நிகழ்வு ஒன்று சீன வரலாற்றில் இருக்கிறது. கி.பி. 838, தாங் பேரரசின் தலைநகர் சாங்ஆன், அதாவது இன்றைய சியான். ஒரு பேரரசர், ஓர் அதிகாரி, பெயர் பதிவாகாத இரண்டு பெண்கள். இந்தப் பழமொழியை விளங்கிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான நிகழ்வை நான் படித்ததில்லை.

முதலில் பாட்டு

பழமொழி இன்று வழங்கும் வடிவம் 'யூஃபு' என்ற சீன இசைப்பாட்டு வகையைச் சேர்ந்த பழைய பாட்டு ஒன்றிலிருந்து வந்தது. தலைப்பைத் தமிழில் 'சான்றோர் நடை' என்று சொல்லலாம். மூன்றாம் நூற்றாண்டுக் கவிஞர் சாவ் ஜி பாடியது என்பாரும் உண்டு, பெயர் தெரியாத யாரோ பாடியது என்பாரும் உண்டு. சான்றோர் வருமுன்னர்க் காப்பார், சந்தேகத்துக்கு இடமான இடத்தில் நிற்கமாட்டார் என்று பாட்டு தொடங்குகிறது. அடுத்த இரண்டு அடிகள்தான் தோட்டமும் மரமும். பேச்சுவழக்கில் அது இன்னும் சுருங்கி 'குவா தியான் லி ஷியா' என்று நான்கே அசைகளாகிவிட்டது: பழத்தோட்டம், பிளம்ஸ் மரத்தடி. மீதியைக் கேட்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் வரும் பழத்தைச் சிலர் தர்ப்பூசணி என்று எழுதிவிடுகிறார்கள். தர்ப்பூசணி சீனாவுக்குள் பரவியது பத்தாம் நூற்றாண்டையொட்டித்தான். பாட்டு அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. முலாம்பழ வகை என்று கொள்வதே சரி.

தொப்பிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'குவான்' என்ற அந்தத் தலையணி வெயிலுக்குப் போட்டுக்கொள்வதல்ல. வயது வந்த, மதிப்புள்ள ஆண்மகன் உச்சிக் குடுமியின் மேல் வைத்து ஊசி செருகி நிறுத்துவது. அது சாய்ந்திருந்தால் அவனுக்குக் கௌரவக் குறைவு, உடனே நிமிர்த்தியாக வேண்டும். பழமொழி அதைத்தான் தடுக்கிறது. மரத்தைத் தாண்டும்வரை பத்தடி கோணல் தொப்பியோடு நட என்கிறது. ஒழுங்கைக் கைவிட்டுத்தான் ஒழுங்கானவன் என்ற பெயரைக் காப்பாற்ற முடியும் என்ற விசித்திரமான நிலை.

நம்மிடமும் "பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள்" என்ற பழமொழி உண்டு. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்வது வழக்கம். எனக்கு அவ்வளவு ஒன்றாகத் தெரியவில்லை. நம்முடையது ஊர்வாயைப் பற்றியது. 'என்பார்கள்' என்று ஊரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. சீனப் பழமொழியில் ஊரே கிடையாது. மேலே நான் வரப்பில் ஒரு தோட்டக்காரரை நிறுத்தினேன் அல்லவா, மூலத்தில் அவர் இல்லை. பார்ப்பவர் யார், என்ன நினைப்பார், அது நியாயமா என்ற கேள்விக்கே இடமில்லை. செய், செய்யாதே என்பது நடப்பவனுக்கு மட்டும்.

838: சாங்ஆனில் என்ன நடந்தது

அப்போது பேரரசர் வென்சோங். முப்பது வயதுகூட ஆகவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 835-இல், அரண்மனையை ஆட்டிப்படைத்த அலிகளை, அதாவது ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்களை, ஒழிக்க அவருடைய அமைச்சர்கள் போட்ட திட்டம் பாழாகி, அலிகளின் படை தலைநகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 'இனிய பனித்துளி நிகழ்வு' என்று அழகான பெயர் அதற்கு. அதன்பின் பேரரசர் பெயருக்குத்தான் பேரரசர். 838 தொடக்கத்தில் தலைமை அமைச்சர் ஒருவரே அரண்மனைக்கு வரும் வழியில் கொலையாளிகளின் தாக்குதலுக்கு ஆளாகி, உயிர் தப்பிப் பதவி விலகினார். இப்படிப்பட்ட ஊரில் உண்மைச் செய்தி மெதுவாகவும் வதந்தி வேகமாகவும் நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வென்சோங் தன் அவைக்கு வந்த லியூ கோங்சுவானிடம், "வெளியே என்ன பேசிக்கொள்கிறார்கள்?" என்று கேட்டார். அடைபட்டுக் கிடப்பவர் கேட்கும் கேள்வி. லியூவுக்கு அப்போது அறுபது வயது. சீன எழுத்துக்கலையின் மாபெரும் பெயர்களில் ஒன்று அவருடையது. இன்றும் சீனப் பிள்ளைகள் அவருடைய எழுத்தைப் பார்த்துத்தான் தூரிகை பிடித்துப் பழகுகிறார்கள். வென்சோங்கின் தந்தை முசோங், தூரிகையை எப்படிப் பிடிப்பது என்று கேட்டபோது, "மனம் நேராக இருந்தால் தூரிகை நேராக இருக்கும்" என்று சொன்னவர். கேட்டவரின் முகம் மாறிவிட்டதாம்.

"குவோ மின்னைப் பின்னிங்கின் படைத்தலைவராக நியமித்ததிலிருந்து பலவிதமாகப் பேசுகிறார்கள்" என்றார் லியூ.

பேரரசருக்கு வியப்பு. குவோ மின் யார்? எட்டாம் நூற்றாண்டில் ஆன் லுஷான் என்ற படைத்தலைவன் செய்த கலகத்தை அடக்கிப் பேரரசைக் காப்பாற்றிய குவோ ட்ஸூயியின் தம்பி மகன் முறை. பேரரசரின் பாட்டியான மூத்த அரசமாதேவிக்குச் சித்தப்பா முறை. பணியில் குற்றம் குறை கிடையாது. தலைநகர்க் காவல்படையின் பெருந்தலைவராக இருந்தவரை வடமேற்கே ஒரு சிறிய எல்லைப் பகுதிக்கு அனுப்பியதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"அவர் அந்தப் பதவிக்குத் தகாதவர் என்று யாரும் சொல்லவில்லை. தன் இரண்டு மகள்களை அரண்மனைக்குள் அனுப்பித்தான் பதவியைப் பெற்றார் என்கிறார்கள். அது உண்மையா?"

"பெண்கள் வந்தது மூத்த அரசமாதேவியைப் பார்க்க. எனக்குக் கொடுத்ததல்ல."

இங்கேதான் லியூ பழமொழியை எடுத்தார். "முலாம்பழம், பிளம்ஸ் பற்றிய சந்தேகத்தை வீடு வீடாகப் போய் எப்படி விளக்குவது?" சீனத்தில் இது எட்டே எழுத்து.

945-இல் முடிந்த 'பழைய தாங் வரலாறு' இந்த வாசகத்தைத் தருகிறது. 1084-இல் வரலாற்றாசிரியர் சிமா குவாங் முடித்த பெருவரலாறு பழமொழியை விட்டுவிட்டு, வேறொரு அருமையான விவரத்தைத் தருகிறது. பேரரசர் தலையைக் குனிந்து நெடுநேரம் இருந்துவிட்டு, "அப்படியானால் என்ன செய்வது?" என்று கேட்டார். "தெற்கு அரண்மனையிலிருந்து அவர்களை வீட்டுக்கு அனுப்புவது ஒன்றுதான் வழி. வெளிப்பேச்சு தானாக அடங்கிவிடும்" என்றார் லியூ. அன்றைக்கே பெண்கள் வீடு திரும்பினார்கள். அனுப்பியது பேரரசர் என்கிறது பழைய நூல். மூத்த அரசமாதேவி என்கிறது பிந்தைய நூல். ஆனால் பழைய நூலும் அழைத்துப் போனவரைத் தெற்கு அரண்மனை அதிகாரி என்றுதான் குறிக்கிறது. ஆக, எந்த வாசல் என்பதில் இரண்டுக்கும் சண்டையில்லை.

பேரரசர் சொன்னது ஏன் எடுபடவில்லை

வென்சோங் அடுக்கிய காரணங்கள் நல்ல காரணங்கள். குடும்பப் பெருமை, கறையில்லாத பணி, பதவியும் பெரியதல்ல. லியூ இவற்றில் ஒன்றைக்கூட மறுக்கவில்லை. பேரரசரை அவர் நம்பினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் கேட்டது வேறு: என்னிடம் சொல்லிவிட்டீர்கள், மற்றவர்களிடம் யார் சொல்வது? சந்தேகம் சாங்ஆனின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தானாகப் போய்விட்டது. விளக்கம் அப்படிப் போகாது. ஒவ்வொரு கதவாகத் தட்டி யாராவது சொல்ல வேண்டும். அந்த வேலைக்குப் பேரரசரிடம்கூட ஆள்பலம் கிடையாது. பழமொழியை நல்லொழுக்கப் பாடமாகப் படித்தவர்கள் பலர். செலவுக் கணக்காகப் படித்தவர் லியூ.

முறை வைத்துப் பார்த்தால் வதந்தி அபத்தம்தான். குவோ மின் மூத்த அரசமாதேவிக்குச் சித்தப்பா என்றால், அவர் மகள்கள் அந்த அம்மாவுக்குத் தங்கை முறை, பேரரசருக்குச் சின்னப் பாட்டி முறை! நம் ஊரில் இதைச் சொன்னாலே பேச்சு முடிந்துவிடும். தாங் அரண்மனையில் முடியாது. அந்தப் பாட்டியே தன் கணவரைவிட ஒரு தலைமுறை மேலே உள்ள முறையில் வந்து மணமுடித்தவர். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு பேரரசர் சுவான்சோங் தன் மகனின் மனைவியைத் தனதாக்கிக்கொண்டதை ஊர் மறக்கவும் இல்லை. யாங் குயிஃபேய் என்ற அந்தப் பெண்ணைச் சீனத்தில் தெரியாதவர் உண்டா? வதந்தி வெறும் நிலத்தில் முளைக்கவில்லை, முன்னோர் போட்ட எருவில் முளைத்தது.

அதனால்தான் வாசல் முக்கியம் என்று நினைக்கிறேன். மூத்த அரசமாதேவி இருந்தது தெற்கு அரண்மனையில். பேரரசர் இருந்த இடம் வேறு. பேரரசரின் மாளிகையிலிருந்து பெண்கள் வெளியே வந்திருந்தால், "பார்த்தீர்களா, உள்ளேதான் இருந்திருக்கிறார்கள், பேச்சு பெரிதானதும் அனுப்பிவிட்டார்" என்று வதந்திக்குச் சான்றே கொடுத்ததாகிவிடும். பாட்டியின் வாசலிலிருந்து வண்டி கிளம்பினால், எங்கே இருந்தார்கள், யாரைப் பார்க்க வந்தார்கள் என்பதைத் தெருவில் நிற்பவனே கண்டுகொள்வான். அறிக்கை தேவையில்லை. வதந்தி எந்தக் கண்கள் வழியாக உள்ளே போனதோ அதே கண்கள் வழியாக மறுப்பும் போகிறது. இந்த விளக்கத்தை இரண்டு நூல்களும் சொல்லவில்லை, இது என் ஊகம். ஆனால் 'தெற்கு அரண்மனையிலிருந்து' என்று லியூ குறித்துச் சொன்னதற்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பதவியை ரத்து செய்யுங்கள் என்று லியூ கேட்கவில்லை. பதவி, மகள்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் சந்தேகம். ஒன்றை எடுத்தால் போதும். பதவியை எடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும், தகுதியுள்ளவருக்கு அநியாயமுமாகும். மகள்கள் எப்படியும் ஒருநாள் வீடு திரும்ப வேண்டியவர்கள்.

அந்த மகள்களின் பக்கத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. மூத்த அரசமாதேவியைப் பார்க்க வந்தார்கள், யாரோ பேசினார்கள், வண்டியில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். தங்கியிருக்க விரும்பினார்களா, திரும்பிப் போன வீட்டில் என்ன பேச்சு கேட்டார்கள், எதுவும் கிடையாது. பழமொழியின் செலவுக் கணக்கில் இது சிறிய தொகையாகத் தெரியலாம், கொடுத்தவர்களுக்கு அப்படி இருந்திருக்காது.

பழமொழியைத் தன்மேலேயே ஏற்றிக்கொண்ட பெண்

இந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதற்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டில் லியூ ஷியாங் என்ற வேறொரு லியூ தொகுத்த பெண்களின் வரலாற்றில் வருகிறது. பழைய சீனத்தின் நாடுகளில் ஒன்றான சீயின் மன்னர் வேய், ஆட்சியைக் கவனிக்காமல் சோ போஹூ என்ற அமைச்சரிடம் விட்டிருந்தார். அந்த ஆள் சரியில்லை, பெய்குவோ என்ற அறிஞரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மன்னரின் துணைவி யூ ஜி சொன்னார். விடுவாரா அமைச்சர்? யூ ஜிக்கும் பெய்குவோவுக்கும் பழைய தொடர்பு உண்டு என்று கிளப்பிவிட்டார். அவளை ஒன்பதடுக்கு மாடத்தில் அடைத்தார்கள். விசாரித்த அதிகாரிக்கு லஞ்சம் போய், வாக்குமூலமே மாறியது. அதைப் படித்துப் பார்த்த மன்னருக்கு ஏதோ இடித்தது. கூப்பிட்டு நேரில் கேட்டார்.

யூ ஜி தன் குற்றங்கள் இரண்டு என்றாள். பழத்தோட்டத்தில் காலணியை மாட்டக்கூடாது, பிளம்ஸ் தோப்பில் தொப்பியைத் தொடக்கூடாது என்பார்கள். நான் ஒதுங்கி நிற்காமல் போனேன், இது முதல் குற்றம். என் அநியாயம் பட்டப்பகல்போல் தெரிந்தும் எனக்காக ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே, அப்படி ஒருவரையும் சம்பாதிக்காமல் இருந்தேனே, அது இரண்டாவது.

முதலாவது ஒப்புதல்போல் ஒலிக்கிறது. இரண்டாவதைக் கேட்டால் அது ஒப்புதலே இல்லை, சாட்டை. மன்னர் விழித்துக்கொண்டார், அவளை விடுவித்தார், சோ போஹூவைக் கொப்பரையில் போட்டு வேகவைத்தார் என்று கதை முடிகிறது. உரைகாரர்கள் பலர் இவளைப் பணிவுக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துவார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவள் ஒதுங்கி நின்றிருந்தால் சோ போஹூதான் கடைசிவரை ஆண்டிருப்பான். தோட்டத்துக்குள் போனதால்தான் திருடன் பிடிபட்டான்.

பாட்டிலேயே இந்த இடறல் இருக்கிறது. தோட்டம், மரம் என்ற அடிகளுக்கு அடுத்து, அண்ணியும் கொழுந்தனும் ஒருவர் கைக்கு ஒருவர் நேராகப் பொருள் கொடுத்து வாங்கமாட்டார்கள் என்று வருகிறது. இதே விதியை வைத்துக் கன்பூசிய அறிஞர் மென்சியஸை ஒருவர் மடக்கப் பார்த்தார்: அண்ணி தண்ணீரில் மூழ்கினால் கையைப் பிடித்துத் தூக்கலாமா? தூக்காதவன் ஓநாய் என்றார் மென்சியஸ். பாட்டு பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே சொன்ன பதில். பாட்டை எழுதியவர் அதை அறியாதவராக இருந்திருக்க முடியாது, ஆனாலும் சேர்க்கவில்லை.

டோக்கியோவில் ஒரு பிளம்ஸ் மரம்

ஜப்பானியர்கள் பழமொழியின் இரண்டாம் பாதியை, அதாவது மரத்தடியையும் தொப்பியையும்தான், அதிகம் சொல்வார்கள். அரசியல்வாதிகளின் வாயில் அடிக்கடி வரும். 2017 ஜூலை 24 அன்று பிரதமர் ஷின்சோ அபே நாடாளுமன்றக் கீழவையின் வரவுசெலவுக் குழு முன்பு இதைச் சொன்னார். அவருடைய நீண்டகால நண்பர் நடத்திய காகே கல்வி நிறுவனத்துக்கு, எஹிமே மாநிலத்து இமாபாரி நகரில் கால்நடை மருத்துவத் துறை தொடங்க அனுமதி கிடைத்திருந்தது. ஜப்பானில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புதிதாக ஒன்றுகூடத் தொடங்கப்படாத துறை. தலையிடவில்லை, விண்ணப்பம் பற்றித் தனக்குத் தெரியவந்ததே அந்த ஆண்டு ஜனவரி 20 அன்றுதான் என்றார் அபே. நண்பர் சம்பந்தப்பட்டது என்பதால் மக்கள் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு, அந்தப் பார்வை தனக்குப் போதாமல் போனது என்றும் ஒப்புக்கொண்டார்.

இதில் லியூவின் கேள்வி முழுசாகத் திரும்பி வருகிறது. நேரலை ஒளிபரப்பில் வீடு வீடாகவே போய்ச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். போய்ச் சேர்ந்தது, நம்பியவர் நம்பினார், நம்பாதவர் நம்பவில்லை. குவோ மின் விஷயத்தில் எடுத்து அனுப்ப ஒரு வண்டி இருந்தது. இங்கே நட்பைத் திருப்பி அனுப்ப முடியாது, அனுமதியைத் திரும்பப் பெற்றால் ஒப்புக்கொண்டதாகும். அந்தத் துறை 2018 ஏப்ரலில் திறந்தது. தொப்பியைத் தொட்ட பிறகு பழமொழியை மேற்கோள் காட்டுவதில் எவ்வளவு பயன் என்று எனக்குச் சந்தேகம்தான். லியூ கேட்டது சமாதானம் அல்ல, செயல்.

வெள்ளிக் கிண்ணம்

லியூவைப் பற்றி இன்னொரு செய்தி பழைய தாங் வரலாற்றில் அதே பகுதியில் இருக்கிறது. பெரிய குடும்பங்கள் கல்வெட்டு எழுதித் தரச் சொல்லி அவருக்குப் பெருந்தொகை கொடுத்து வந்தன. பணமும் பொருளும் இரண்டு வேலைக்காரர்களின் பொறுப்பில் இருந்தது, அவர்களும் நன்றாகவே சுருட்டினார்கள். ஒருநாள் வெள்ளிக் கிண்ணங்கள் வைத்திருந்த கூடையைப் பார்த்தார். மேலே கட்டிய கயிறும் முத்திரையும் கட்டியபடியே இருந்தன. உள்ளே கிண்ணம் ஒன்றுகூட இல்லை. ஹாய்ஓவ் என்ற வேலைக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டார். எப்படிப் போனதென்று தெரியவில்லை என்றான்.

லியூ சிரித்துக்கொண்டே, "வெள்ளிக் கிண்ணங்களுக்கு இறக்கை முளைத்துவிட்டது போலிருக்கிறது" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூரிகை, மைக்கல், ஓவியங்கள் இவற்றை மட்டும் அவரே பூட்டி வைத்துக்கொள்வாராம்.